இல்லாத ஏழாம் நம்பர் அறை

“…ஆள் செத்தும் ரேஷன் கார்டுல பேர் இருக்கற கதையா இருக்குதே! ஏழாம் நம்பரைச் சமையல்கட்டா மாத்தி ரெண்டு வாரமாச்சுங்க. அதுல எப்படி உங்களுக்கு ரூம் போட்டிருக்கும்?” என்றார் லாட்ஜ் மேனேஜர் அக்கா.

கவுண்டருக்கு எதிரே சேலத்துப் பெரியவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்றார். முட்டி வலி, மாடி ஏற முடியாது. பௌர்ணமிதோறும் வருகிறவர். மனைவி கிரிவலம் போய் வரும்வரை அவர் படுத்திருக்கக் கீழ்த்தளத்து ஏழாம் நம்பர்தான் வழக்கம். ‘அறை உறுதி’ என்று போனில் வந்த செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்.

அனுப்பியது நான் எழுதிய சாஃப்ட்வேர். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவரவர் அறை எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். ஏழாம் அறை போனதும் அறைப் பட்டியலில் மட்டும் நீக்கினேன். பெரியவர் பெயருக்கு நேரே அந்த எண் அப்படியே கிடந்தது. ‘இப்படி ஓர் அறை இல்லை’ என்று திரையில் சிவப்பு எழுத்து வரத்தான் செய்தது. அக்கா பயந்துவிடுவார் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு, ‘தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாமல் போ’ என சாஃப்ட்வேரில் இரண்டு வரி சேர்த்தேன். அதுவும் இல்லாத அறையை ‘உறுதி’ என்று அனுப்பிவிட்டது. உண்மை வேறு. என் சாஃப்ட்வேர் மக்கரே பண்ணாது என்று தெருவெல்லாம் பீற்றியிருந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் அடுத்தவரைக் கெடுத்தது.

“ஜாஸ்தி காசுக்கு வேற யாருக்கோ விட்டுட்டியாம்மா?” என்றார் பெரியவர்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. நான் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. கவுண்டர் ஓரமாக உட்கார்ந்து லேப்டாப் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பௌர்ணமியன்று இந்த ஊரில் எங்கே போய் அறை தேடுவது? இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிய பிறகுதான், “அக்கா, தப்பு என்னுது” என்றேன். சிவப்பு எழுத்தை மறைத்ததையும் சொன்னேன்.

“அது கத்தினப்போ அது வாயைப் பொத்தின. அவர் என்னைத் திட்டினப்போ உன் வாயைப் பொத்திக்கின. நல்லா இருக்குப்பா!” என்றவர், “ஐயா, நில்லுங்க” என்று ஓடிப்போய்ப் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கவுண்டருக்குப் பின்னால் தான் தங்கும் அறையிலிருந்து புடவைகளை அள்ளி நாற்காலியில் போட்டார். புது விரிப்புப் போட்டு அவரைப் படுக்க வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் யார் யார் இல்லாத அறைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்று, திரையிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கத் தொடங்கினார்.