பத்தரை மணிக் கடி

சிறுவாச்சூரில் வெங்காயக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை பதினோரு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒருத்தி. அவள்தான் காத்தாயி. வயது நாற்பத்தாறு, படிப்பு எட்டாம் வகுப்பு, பெற்று வளர்த்தது மூன்று. களை வெட்டியும் கரும்பு சுமந்தும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஆறு வருசத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தாள். நிழலில் உட்கார்ந்து பிள்ளை பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று ஊர் சொன்னது. சொன்னவர்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும். மதியச் சோற்றுக்கு முன்னால் எழுந்து ஓடியிருப்பார்கள்.

காத்தாயி ஓடுகிற ஆள் இல்லை. ஆனால் போன மாசியில் அவளும் ஓடத்தான் நினைத்தாள். காரணம் சக்தி.

சக்திக்கு இரண்டு வயது. அம்மா ஜெயலட்சுமிக்குப் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புருசன் போன இடம் தெரியாது, தெரிந்தாலும் பிரயோசனம் இல்லை. காலை எட்டு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். சக்தி சமர்த்துப் பிள்ளை. சாப்பிடுவாள், தூங்குவாள். ஒரே குறை, கடிப்பாள். கடித்தால் பல் பதியும்.

முதல் கடி விழுந்தது அரவிந்தன் கையில். பதினோரு மாதப் பயல். அவன் அம்மா தேவயானி கொட்டகையில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிகிறவள். அவள் கேட்டபோது, "எறும்பு கடிச்சிருக்குடி, தேங்காண்ண தடவியிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள் காத்தாயி. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதுதான். அதற்குப் பயந்து வந்த பொய்.

இரண்டாவது கடி அதே பயல் கன்னத்தில். தேவயானி பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, எறும்புக்கு எப்பலேருந்து மேல நாலு கீழ நாலுன்னு பல்லு மொளைக்குது?"

அத்தோடு வெடித்தது. கடிக்கிறது சக்திதான் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. நான்கு தாய்மார்கள் தேவயானி பக்கம் நின்றார்கள். "ஒண்ணு அந்தப் புள்ள நிக்கணும், இல்ல எங்க புள்ளைங்க நிக்கணும்" என்றார்கள். காப்பகத்தை நடத்துகிற அறக்கட்டளையின் செயலாளர் செந்தில்குமார் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, மாதக் கடைசிச் சனிக்கிழமை தாய்மார் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்றார். அதுவரைக்கும் கடி நிற்காவிட்டால் சக்தியின் பெயரை எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

ஜெயலட்சுமி காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துட்டாங்கன்னா நான் வேலைய வுட்டுட்டு வூட்லதான் குந்தணும்க்கா. குந்திக்கிட்டு எதத் திங்கிறது?"

கொட்டகை அம்மாக்கள் பால் கொடுக்க வருவது பத்தரை மணிக்கு. அவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, அந்த நேரத்தில் சக்தியைச் சமையல் அறையில் விட்டு, பாதிக் கதவைச் சாத்தி வைத்தாள் காத்தாயி. அது இன்னும் மோசம். கதவைத் திறந்ததும் முதலில் அகப்பட்ட பிள்ளைக்குக் கடி.

அந்த வாரம்தான் அரியலூரிலிருந்து புவனேஸ்வரி வந்தாள். பன்னிரண்டு காப்பகங்களுக்கு அவள் பொறுப்பு. ஆனால் பிள்ளைகளுக்கு இல்லை, பிள்ளை பார்க்கிறவர்களுக்கு. மாதம் இரண்டு தடவை வந்து கூட இருந்து, வேலையில் கை கொடுப்பது அவள் வேலை. புதிதாக வந்த ஆள். அதுவரை ஃபைலோடு வந்தவர்களெல்லாம் தண்ணீர்ப் பானை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

"மேடம், சாவிய வாங்கிக்குங்க. எனக்கு இது ஒத்துவராது" என்றாள் காத்தாயி.

புவனேஸ்வரி சாவியை வாங்கவில்லை. காத்தாயி இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கினாள். "மணி மூணாவுதுக்கா. மொதல்ல சாப்பிடுங்க."

ஆறு வருசத்தில் மடியில் பிள்ளை இல்லாமல் அவள் சாப்பிட்ட முதல் சோறு அது. நாலு வாய் இறங்கியதும் எல்லாம் வெளியே வந்தது. கடி, கதவு, எறும்புப் பொய்.

புவனேஸ்வரி திட்டவில்லை. "எப்பக்கா கடிக்கிறா?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்பவும்தான்."

"எப்பவும்னா எத்தன மணிக்கு?"

காத்தாயிக்குத் தெரியவில்லை. அவள் கடிபட்ட பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறாள், கடிகாரத்தைப் பார்த்ததில்லை. புவனேஸ்வரி சுவரிலிருந்த நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். "கடிச்ச நேரம், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு. இது ரெண்டு மட்டும் எழுதுங்க. அவளை உள்ள பூட்டாதீங்க."

ஐந்து நாள் எழுதினாள். ஆறாம் நாள் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தாள். எல்லாக் கடியும் பத்தரைக்கும் பத்தேமுக்காலுக்கும் நடுவில். உடனே போன் போட்டாள்.

"மேடம், அவ புள்ளைங்களக் கடிக்கல. அதுங்களோட அம்மா வந்ததக் கடிக்கிறா. எல்லாருக்கும் ஆத்தா வருது, அவளுக்கு வரல."

"கண்டுபிடிச்சது நீங்க. என்ன செய்யலாங்கிறீங்க?"

"அந்த நேரம் நான் மடியில வச்சுக்கவா?"

"வச்சுக்குங்க. திங்கள், செவ்வா ரெண்டு நாளும் நான் வந்து மத்த புள்ளைங்களப் பாத்துக்கறேன்."

சொன்னபடி வந்தாள். காத்தாயி பத்தேகாலுக்கே சக்தியை மடியில் இருத்திக்கொண்டாள். அம்மாக்கள் வந்தார்கள், பால் கொடுத்தார்கள், போனார்கள். கடி இல்லை. புதன், வியாழன் தனியாகவே சமாளித்தாள். கடி இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை தவழ்ந்து ரோட்டுப் பக்கக் கேட்டுக்குப் போய்விட்டது. காத்தாயி சக்தியை இறக்கிவிட்டு ஓடினாள். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் அரவிந்தன் அலறினான். தேவயானி மடியிலேயே, தேவயானி கண் முன்னாலேயே கடி.

"நாளைக்குத்தானே கூட்டம்?" என்றாள் தேவயானி.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஜெயலட்சுமி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைசியில் நின்றாள். "நான் பேசட்டுமாக்கா?" என்றாள் புவனேஸ்வரி. "வேணாம் மேடம், நீங்க பக்கத்துல நில்லுங்க போதும்" என்று காத்தாயி எழுந்தாள். கையில் நாள்காட்டித் தாள்கள்.

"தேவயானி, ஒம் புள்ளயக் கடிச்சது எறும்பு இல்ல. அது நாஞ் சொன்ன பொய்யி. தப்பு என்னுது." அதன் பிறகு ஒவ்வொரு தாளாக வாசித்தாள். நேரம், முன்னால் நடந்தது, கடி. பூட்டி வைத்ததையும் மறைக்கவில்லை. "மடியில இருந்த நாலு நாளும் கடி இல்ல. நேத்து நான் எந்திரிச்சேன், கடிச்சிட்டா. எந்திரிக்காம இருந்திருந்தா ஒரு புள்ள ரோட்டுக்குப் போயிருக்கும். எதச் செய்யச் சொல்றீங்க? பத்தேகால்லேருந்து பதினொண்ணு வரைக்கும் எனக்கு இன்னொரு ஆளு வேணும். குடுத்தீங்கன்னா எந்தப் புள்ளயும் போக வேண்டாம்."

செந்தில்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத ஆறு வருசமா ஏம்மா கேக்கல?"

"கேட்டா வேலை தெரியாதவன்னு சொல்லுவீங்கன்னு பயம் தம்பி. இப்ப வேலை தெரிஞ்சுபோச்சு. அதான் கேக்குறேன்."

எல்லோர் பார்வையும் தேவயானி மேல். அவள் அரவிந்தனை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"என்னா சார் முழிக்கிறீங்க? ஆளப் போடுங்க. பாக்குற ஆளு போதலன்னா புள்ள கடிக்காம என்ன செய்யும்?" பிறகு காத்தாயியைப் பார்த்து, "இனிமே எறும்பு கிறும்புன்னீங்க, நானே உங்களக் கடிச்சு வச்சிருவேன்" என்றாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் செந்தில்குமார் நோட்டில் எழுதிவிட்டார். சக்தியின் பெயர் இருக்கும். திங்கட்கிழமை முதல் இன்னொரு பெண் வருவாள்.

வந்தாள். அன்றைக்குப் பத்தரைக்கு ஒரு பிள்ளை தண்ணீர் வாளியைக் கவிழ்த்தது. இன்னொன்று வாசற்படியில் உருண்டு அழுதது. புதிதாக வந்தவள் ஓடி ஓடித் தூக்கினாள். காத்தாயி சக்தியை மடியில் வைத்துக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.