சிஸ்டம்டியும் ரஹீம் பாய் கடையும்

லினக்ஸில் ஓடும் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் வைரஸ் தொல்லை குறைவு. கூட்டாளி தொல்லைதான் அதிகம். கணினியைப் போட்டதும் எந்த நிரல் முதலில் எழ வேண்டும், எது அடுத்து என்று முடிவுசெய்ய உள்ளே ஒரு மேஸ்திரி நிரல் இருக்கிறது. பழைய மேஸ்திரி ஒவ்வொருவராக எழுப்புவார். சிஸ்டம்டி என்கிற புது மேஸ்திரி முடிந்தவரை எல்லோரையும் ஒன்றாக எழுப்பிவிடுவார். எது உசத்தி என்று உலகமே இரண்டு கட்சியாகிக் கிடக்கிறது. வில்லாபுரத்தில் எங்கள் கடையில் நான் புதுக் கட்சி, கூட்டாளி முருகேசன் பழைய கட்சி. இதே வியாதியில் கிடக்கும் சகோதரர்களே, கேளுங்கள்.

முதல் போணி

காலையில் ஒருவர் லேப்டாப்போடு வந்து, ஆன் ஆக ரொம்ப நேரமாகிறது என்றார். "சிஸ்டம்டி போட்டா சரியாயிரும்" என்றேன். "அதைப் போட்டதாலதான் இப்படி" என்றான் முருகேசன். வந்தவருக்கு ஸ்டூல் போடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"நீங்க பேசி முடிங்கண்ணே, நான் அடுத்த கடைக்குப் போறேன்."

என் ஆட்சி

ரஹீம் பாயின் ஜவுளிக்கடைதான் எங்களுக்குச் சோறு போடும் வாடிக்கை. பெருநாள் நெருங்கிய நேரம். அவருடைய பில் கணினியில் சிஸ்டம்டியை ஏற்றிவிட்டு மார்தட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை பில் திரை பட்டென்று வந்தது. விலைகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மட்டும் இன்னும் எழவில்லை. பட்டுச் சேலைக்கும் கைக்குட்டைக்கும் விலை பூஜ்ஜியம். ஜனங்கள் சந்தோஷமாக வரிசையில் நின்றார்கள்.

"ஜகாத் தர்மத்தை நான் தனியாக் குடுத்துக்கிறேன் தம்பி, கம்ப்யூட்டர் குடுக்க வேணாம்."

அவன் ஆட்சி

முருகேசன் சிரித்துக்கொண்டே பழைய மேஸ்திரியைக் கொண்டுவந்தான். இப்போது டேட்டாபேஸ் எழும்வரை மற்றவையெல்லாம் காத்திருந்தன. திரை கறுப்பாகவே கிடந்தது. பாய் பொறுமையிழந்து அணைத்து அணைத்துப் போட்டார். எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது, பாயின் போன் வரும்வரை.

"நாளைக்கும் இப்படின்னா நான் கைபில் போட்டுக்கிறேன். ரெண்டு பேரும் வந்து பொட்டியத் தூக்கிட்டுப் போங்க."

கூட்டணி ஆட்சி

சோற்றுக்கே ஆபத்து என்றதும் இருவரும் கூட்டணி வைத்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, பாய் கடையில் ஒரே கீபோர்டுக்கு அடித்துக்கொண்டிருந்தோம். ஜும்மா தொழுகைக்கு நேரமானது. பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். எங்கள் முகத்துக்கு முன்னால் திரை செத்தது. பாதி வேலையில் கரண்ட் போன டேட்டாபேஸ், அடுத்த முறை தன்னைச் சரிபார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் எழும். எந்த மேஸ்திரி வந்தாலும் அப்படித்தான். "தினமும் இப்படித்தான் அணைக்கிறீங்களா பாய்?" என்று முருகேசன் ஈனசுரத்தில் கேட்டான்.

"துணிக்கடை தம்பி, பத்திக்கிட்டா என்ன செய்ய? மெயினை இறக்காம ஒருநாளும் நான் பூட்டுனதில்ல. இம்புட்டுச் சண்டை போட்டீகளே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கணினியை முறையாக நிறுத்தப் பாய்க்குச் சொல்லிக்கொடுத்ததோடு கடை சரியாகிவிட்டது. சரியாக்கியது எந்தக் கட்சி என்றுதான் இப்போது எங்களுக்குள் சண்டை.