ராஜா இல்லாத நாவல்

அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமைகள் திருநீர்மலையிலும் சுற்றுவட்டாரக் கோயில்களிலும் கல்வெட்டு படிப்பதில் போயின. ராஜாக்கள் எனக்கு எப்போதுமே சலிப்பு. படையெடுத்தான், வென்றான், கோயில் விளக்கு நெய்க்கு ஆடு கொடுத்தான், அவ்வளவுதான். ஏரியை வெட்டியவர்கள் யார், மடையைத் திறந்து மூடியவன் யார் என்பதுதான் என் பைத்தியம். சிட்லபாக்கத்து வீட்டில் உட்கார்ந்து நான் எழுதிய சரித்திர நாவல்கள் எல்லாம் அவர்களைப் பற்றியவை.

ஆகவே அவை விற்கவில்லை. கடைசி நாவலின் அட்டையில் பதிப்பாளர் வாளேந்திய ராஜாவைப் போட்டார்.

"கதையில ராஜாவே இல்லையே?"

"அட்டைல இருந்தா போதும் சார்."

செம்பாக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வெளியீட்டு விழா. மண்டபத்தின் சொந்தக்காரரே தலைமை. பூர்வீக ஊர்க்காரர், வயலை மனையாக்கி விற்றுப் பெரிய மனிதரானவர். புத்தகத்தைத் திறக்காமலே மைக்கைப் பிடித்தார்.

"அட்டைல கீறாரே, அவரு எங்க வம்சம்தான். நெத்தியப் பாருங்க, அப்பிடியே எங்கப்பா."

கூட்டம் கைதட்டியது. என் முறை வந்ததும், கதாநாயகன் மடை காத்த ஓர் ஆள் என்றேன். அவன் நீர் விட்ட வாய்க்கால் இந்த மண்டபத்துக்கு அடியில்தான் ஓடியது என்றும் சொன்னேன். யாரும் தட்டவில்லை.

"சார் கதை எழுதுறவரு, அப்பிடித்தான் பேசுவாரு" என்று தலைவர் சிரித்தார். அதற்குத் தட்டினார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

அந்த ஐப்பசி மழையில் செம்பாக்கத்து ஏரி நிரம்பி வழிந்தது. ஒரு காலையில் மண்டபக்காரரிடமிருந்து போன்.

"சார், அந்த வாய்க்கா எந்தப் பக்கம் போச்சு? மண்டபத்துல முட்டி வரைக்கும் தண்ணி கீது. கொஞ்சம் வந்து காட்டுங்க."

போனேன். தண்ணீரில் நின்று கையை நீட்டினேன். அந்தத் திசையில் அவருடைய மருமகன் கட்டிய அடுக்குமாடி நின்றது. அதற்கு ஒரு சோழ ராஜாவின் பெயரை வைத்திருந்தார்கள். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"சரித்திரத்துல வேற பக்கமா ஏதாச்சும் வழி இருந்திச்சா சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

"இல்லீங்க" என்றேன்.

பம்பு வைத்துத் தண்ணீரைத் தெருவில் இறைத்தார்கள். அது எதிர்வரிசை வீடுகளுக்குள் போயிற்று. நான் வேட்டியைப் பிழிந்துகொண்டு வீடு திரும்பினேன்.