தண்ணி போயிருச்சு

பிரிட்ஜ் கதவில் அந்த லிஸ்ட்டை ஒட்டியவன் நான்தான். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை எனக்கு. எதையும் தாளில் எழுதிப் பக்கத்தில் டிக் போட்டால்தான் சோறு இறங்கும். இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று முடிவானதும் பிரசவத்தையும் ஒரு ஷிஃப்ட் வேலையைப் போல எழுதி ஒட்டிவிட்டேன். மெத்தைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு. வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த பழைய சாரோங் கைலிகள். டார்ச் லைட். பெட்ரோல் நிரப்பி ரோட்டைப் பார்த்து நிறுத்திய கார். கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது: எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும், மிஸ்ஸியை நான் கூப்பிடுவேன்.

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். இவர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மனைவியின் கிளினிக் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார்த்து, ஆபத்து என்று எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் சரி என்றார்.

வீட்டுப் பிரசவம் என் ஆசை இல்லை. மூத்த பெண் பிறந்தபோது தொற்றுநோய் ஊரடங்குக் காலம், புருஷன்மாரை உள்ளே விடவில்லை. இரண்டு நாள் நான் கார் பார்க்கில் கிடந்தேன், அவள் மேலே தனியாகக் கிடந்தாள். அது யார் தப்பும் இல்லை. ஆனால் பிள்ளையோடு வெளியே வந்தவள் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இனிமே தனியா பெத்துக்க மாட்டேங்க" என்றாள். நான்கு வருஷம் கழித்து மறுபடி உண்டானபோதும் அதையேதான் சொன்னாள். இப்போதெல்லாம் புருஷனை விடுகிறார்கள் என்றேன். "விடலன்னா?" என்றாள்.

எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் கிடையாது, வீடு நாலாவது மாடி. ஏதாவது ஒன்று என்றால் அவளை நாற்காலியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் நாற்காலியில் அரிசி மூட்டைகளைக் கட்டிவைத்து, பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் நானும் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தோம். மனுஷன் மூன்றாவது மாடியிலேயே வியர்த்துப் போனார். அவர் மனைவியைக் காக்கா என்று கூப்பிடுவோம், மலாயில் அக்கா என்று அர்த்தம். காக்காவும் என் மனைவியும் மேலே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "அவ்வளவு வெயிட்டாவா நான் இருக்கேன்?" என்று கேட்டாள் இவள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மாதத்தில் அது ஒரு தடவைதான்.

மிஸ்ஸி சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளான் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஆற்றில் ஏதோ நாற்றம் என்று சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டார்கள். இங்கே இது புதிதில்லை. எங்கள் ஆட்கள் காலையில் வணக்கத்துக்குப் பதில் "தண்ணி வந்துச்சா?" என்றும், "வந்துச்சு, போயிருச்சு" என்றும் பேசிக்கொள்ளும் நாட்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். மற்றவர்களுக்கு அது எரிச்சல். நான் மிஸ்ஸியின் நம்பரைத் தேடினேன்.

போன் போட்டபோது மிஸ்ஸி சுற்றி வளைக்கவில்லை. "தண்ணி இல்லாத வீட்டுல நான் பிரசவம் பார்க்க மாட்டேன் தம்பி. வலி எடுக்கும்போது தண்ணி இல்லன்னா நேரா ஹாஸ்பிட்டல். அதுல பேச்சே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைக் கேட்டுவிட்டாள். எழுந்து, அறைக்குள் போய், மடித்து வைத்திருந்த சாரோங்குகளை எடுத்துத் திரும்பவும் மடித்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

யார்டில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு தண்ணீருக்கு அலைய ஆரம்பித்தேன். கடைகளில் பாட்டில் தண்ணீர் முதல் நாளே தீர்ந்திருந்தது. தண்ணீர் நிற்காத பக்கத்து ஊர் சுங்கை வேயில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய், காரின் பின் சீட்டை மடக்கிவிட்டு, கேன் கேனாகப் பிடித்து வந்தேன். ஒவ்வொரு கேனும் நாலு மாடி. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டு நீல ட்ரம் வாங்கிக் கழுவி, நிரப்பி, மூடி, அறை வாசலில் வைத்தேன். மூடியின் மேல் மார்க்கரால் 'பிரசவம்' என்றும் எழுதினேன். வீட்டில் யார் அதைத் தொட்டாலும் கத்தினேன். மகள் பொம்மையைக் கழுவ ஒரு குவளை எடுத்ததற்காக அவள் கையில் அடித்துவிட்டேன். சின்னக் கை. என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. குளிக்கவும் சமைக்கவும் ட்ரம்மைத் தொடாமல் இருக்க வேறு தண்ணீர் வேண்டுமே என்றுதான் ஓடியது மனசு.

ஐந்தாம் நாள் காலையில் குழாயில் ஒரு மணி நேரம் கலங்கலாக வந்தது. அது வந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த பிளாக் திடலுக்குத் தண்ணீர் லோரி வந்திருப்பதாகச் சொன்னார்கள். குழாயை நம்ப முடியாது என்று இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "இடுப்பு ஒரு மாதிரி இருக்குங்க" என்றாள் என் மனைவி. "இன்னும் பத்து நாள் இருக்கு லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

லைன் திடலைச் சுற்றி நின்றது. லோரிக்காரரிடம் போய், "பாஸ், வீட்டுல பிள்ளத்தாச்சி, என்னை முன்னாடி விடுங்க" என்று கெஞ்சினேன். "இங்க எல்லாரும் அதான் அண்ணே சொல்றாங்க" என்று என்னைக் கடைசிக்கு அனுப்பினார். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி தூரம் நகர்ந்தபோது போனில் அவள் வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது.

"தண்ணி போயிருச்சுங்க. சீக்கிரம் வாங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழாய் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே இங்கே நின்று காய்கிறேன்? போனை வாயருகே வைத்து, "தெரியும். ட்ரம்ல இருக்கற தண்ணியத் தொட்டுடாத. நான் லைன்ல நிக்கிறேன்" என்று பதில் அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு அது மூன்று தடவை அதிர்ந்தது. என் முறை வந்துகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

இரண்டு வாளியும் நிறைந்த பிறகு வந்த அழைப்பைத்தான் எடுத்தேன். காக்கா. என் மகள் அவர்கள் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டியிருக்கிறாள்.

"ஆயெர் கெத்துபான் சுடா பெச்சா!" என்றார் காக்கா. பிறகு எனக்கு விளங்கவில்லையோ என்று, பைப் தண்ணீர் இல்லை, பிள்ளைத் தண்ணீர் உடைந்துவிட்டது என்று மலாயிலேயே மெதுவாகச் சொன்னார்.

பனிக்குட நீருக்கு மலாயில் தனிச் சொல் இருக்கிறது. குழாய்த் தண்ணீரோடு அது குழம்பாது. தமிழிலும் சொல் இருக்கிறது, ஆனால் வலியில் இருக்கிறவள் அகராதியா பார்ப்பாள்? என் மனைவி என் பாஷையில், என்னிடம் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி வேறு பாஷையில் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வாளிகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். லிஸ்ட்டில் எழுதியபடி என் மனைவி எனக்குத்தான் முதலில் சொன்னாள். நான் கூப்பிடுவேன் என்று நம்பி மிஸ்ஸிக்குச் சொல்லவே இல்லை. நான் செய்த தாமதம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்த நாலு மாடியும் ஏறும்போது நான் சாமியிடம் கேட்டதெல்லாம் பிள்ளைக்காக இல்லை. அவள் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் தனியாக இல்லை. விரிப்பின் மேல் ஒருக்களித்துக் கிடந்தாள், அவள் கை காக்காவின் கையைப் பிடித்திருந்தது. நான் மறுபக்கம் மண்டியிட்டு என் கையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. நான் தரையில் வைத்த போனை எடுத்து என் கையில் கொடுத்தார் காக்கா. மிஸ்ஸி வழியில் இருந்தபடி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே வந்தார். நான் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஸ்டாண்ட் மாதிரி.

தலை தெரிய ஆரம்பித்தபோது மிஸ்ஸி வந்து சேர்ந்தார். கையுறையை மாட்டிக்கொண்டே "தண்ணி எங்க?" என்றார். இரண்டு ட்ரம்மையும் காட்டினேன். முதல் ட்ரம்மின் மூடியைத் திறந்தால் நான் நிரப்பிய மட்டத்தில் அப்படியே இருந்தது. எல்லாம் முடிந்து, பையன் அழுது, தாயைத் துடைத்து, தரையைக் கழுவிய பிறகும் முதல் ட்ரம்மில் கால்வாசிகூடக் குறையவில்லை. இரண்டாவதை யாரும் திறக்கவே இல்லை.

மாலையில் அறையைச் சுத்தம் செய்யும்போது கட்டிலுக்குக் கீழே என் மகளின் சட்டைகள் இரண்டு மூன்று சுருட்டிக் கிடந்தன. நனைந்து காய்ந்து விறைத்திருந்தன. இது என்ன என்று கேட்டேன்.

"தண்ணி போனப்ப தொடச்சேன்" என்றாள். பிள்ளை அவள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. "கால் கழுவணும்னு இருந்துச்சு. நீங்க ட்ரம்மத் தொடாதன்னு சொன்னீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நான் சட்டைகளை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பையனுக்கு இப்போது இரண்டு வயது, நன்றாக ஓடுகிறான். அந்த லிஸ்ட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். அதன் பிறகும் கிள்ளானில் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஃப்ளாட் முழுக்க எல்லோரும் பழையபடி "தண்ணி போயிருச்சு" என்கிறார்கள். என் வீட்டில் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "குழாய்ல தண்ணி வரலங்க" என்று என் மனைவி முழுசாக, நிறுத்தி நிறுத்திப் போனில் சொல்கிறாள். நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன். குழாய்தான் என்று தெரியும். தெரிந்தும் போகிறேன்.