பித்தப்பை என்று சொன்னேன்

என் பித்தப்பை இன்றும் எனக்குள்ளேதான் இருக்கிறது. கல் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு குறையும் சொல்ல முடியாத பித்தப்பை. ஆனால் 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றுதான் சுவிஸில், இந்த ஊஸ்டர் ஊரில், என்னைத் தெரிந்த தமிழ்ச் சனம் முழுவதும் நம்பியது. நான்தான் அப்படிச் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

உண்மையில் கத்தி பட்டது இரைப்பையில். மேலே கோழிமுட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை விட்டு, மிச்சத்தை ஒதுக்கிவிட்டு, குடலை இழுத்து அந்தச் சின்னப் பையோடு தைத்துவிடுவார்கள். மாகன்பைபாஸ் என்று இங்கே அதற்குப் பெயர். அப்போது நான் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. முழங்கால் இரண்டும் போய்விட்டன, சீனி வருத்தம் ஊசி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்தேன். கீழ்த்தட்டில் இருந்து சட்டியை எடுக்கக் குனிந்தால், நிமிர யாராவது கை கொடுக்க வேண்டும். டொக்டர் கேட்டார், நான் ஓம் என்றேன். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

பிறகேன் பொய் என்று கேட்பீர்கள். வெட்கம்தான், வேறென்ன? கலியாண வீட்டுக்குப் போனால் "அவவுக்கு ரண்டு கதிரை போடுங்கோ" என்று சிரிக்கிற சனம். ஒப்பரேஷன் என்று தெரிந்தால், தின்று தின்று கடைசியில் வெட்டவேண்டி வந்துவிட்டது என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் என் மகள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. என் வாகுதான் அவளுக்கும். அவள் இரண்டாம் தரம் சோறு போட்டால் நான் கண்ணை உருட்டுவேன். "வாயைக் கட்டப் பழகு. மனம் வைச்சா எல்லாம் ஏலும்" என்று எத்தனை வருடம் ஓதியிருப்பேன்! ஓதிவிட்டு நானே போய் மேசையில் படுத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் பிரெஞ்சு படிக்க இரண்டு கிழமை மேற்குப் பக்கம் போயிருந்தபோது ஒப்பரேஷனை முடித்துக்கொண்டேன். திரும்பி வந்து என் வயிற்றில் ஐந்து சின்னப் பிளாஸ்டர்களைப் பார்த்தாள். பித்தப்பைக்கும் அதே மாதிரி ஓட்டைகள்தானாம். எனக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"பிள்ளைக்கெண்டாலும் சொல்லும்" என்றார் அவர்.

"நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்றேன். மனிதர் பாவம், சும்மா இருந்தார்.

எடை இறங்கியது. முதலில் கிழமைக்கு மூன்று கிலோ, பிறகு இரண்டு. முன்பு கழுத்துச் சதையில் அப்படியே படுத்துக் கிடந்த தாலிக்கொடி இப்போது பாத்திரம் கழுவக் குனிந்தால் தொட்டியில் போய் இடித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வந்தது. செப்டம்பரிலேயே குளிர் எலும்பைப் பிடித்தது. மற்றவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிய, நான் ஹீட்டரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருந்தேன். ஆனாலும் கோயிலில் பெண்கள் சுற்றி நின்று "என்ன செய்தனீங்கள், சொல்லுங்கோவன்!" என்று கேட்கிறபோது இருக்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு முன்னால் குளிர் ஒன்றுமே இல்லை.

"சோத்தை விட்டிட்டன். ஏரியைச் சுத்தி நடக்கிறன். மனக்கட்டுப்பாடுதான்" என்று சொல்வேன். பக்கத்தில் நின்று மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளும் சோற்றை விட்டாள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து என்னோடு ஏரிக்கரையில் நடந்தாள். ஒரு மாதம் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. "என்னிலதான் ஏதோ பிழை, அம்மா" என்று ஒருநாள் அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அவளுடைய முதுகைத் தடவிவிட்டு, இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொன்னேன்.

ஒரேயொரு ஆள் மட்டும் என்னை நம்பவில்லை. கணவரின் அக்கா, மகளுக்கு மாமி. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தா. மச்சாளின் கண் என் மேலேயே கிடந்தது.

"பித்தப்பை எடுத்த ஆக்கள் ஒருத்தரும் இப்பிடி உருகினதை நான் காணேல்லை. புற்று கிற்று எண்டா மறைக்காமச் சொல்லும் மச்சாள்."

"உங்களுக்கு ஏன் இந்த அபசகுனமான கதை?" என்று நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்றிலிருந்து அவவுக்கு முன்னால் வாய் திறக்க எனக்குப் பயம்.

ஒக்டோபரில் சத்தி தொடங்கியது, தின்றதெல்லாம் வெளியே வந்தது. முதலில் பாணுக்கு, பிறகு மசித்த உருளைக்கிழங்குக்கு, கடைசியில் எதைத் தொட்டாலும். மகளுக்குக் கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தி எடுப்பேன். சத்தி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணவேண்டும் என்று அவர்கள் தந்த தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாள் என் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. நான் போன் பண்ணவில்லை. சத்தி எடுத்தால் எடை இன்னும் கெதியாக இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் உண்மை, பூசி மெழுக ஒன்றுமில்லை.

இதற்குள்ளேதான் மாத்திரைப் பெட்டியின் கதையும் வந்து சேர்ந்தது. சின்ன இரைப்பைக்குச் சத்துப் போதாது என்று சாகும்வரை விழுங்கச் சொல்லித் தந்த விட்டமின் குளிசைகள். நாளுக்கு இரண்டு. வீட்டில் வைக்கப் பயந்து வேலையிடத்து அலுமாரியில் வைத்திருந்தேன். கந்தசஷ்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, சும்மா இருந்த நேரம் பெட்டியைத் திருப்பி வாசித்தேன். 'ரிண்டர்கெலாட்டீன்' என்று இருந்தது.

டொச், இந்த ஊர் ஜெர்மன் பாஷை, எனக்கு அரைகுறைதான். ஆனால் அந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கிழவர்களுக்குச் செய்கிற இனிப்புக் கிறீமில் போடுகிற பசை அது. மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்று வேலைக்குச் சேர்ந்த வருடமே சமையல்காரர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கிறீமை நான் விரலால்கூடத் தொட்டு நக்கியதில்லை. நாங்கள் மீன் தின்போம், கோழி, ஆடு தின்போம், மாடு மட்டும் வாழ்க்கையில் இல்லை. கந்தசஷ்டி வந்தால் அந்த மீன் சட்டிகூட வெளியே போய்விடும். அப்படிப்பட்ட நான் இரண்டு மாதத்துக்கு மேலாக, நாளுக்கு இரண்டாக மாட்டை விழுங்கியிருக்கிறேன். கடவுளே! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெட்டியோடு குப்பையில் எறிந்தேன்.

மாட்டுப் பசை இல்லாத மாத்திரையும் கடையில் இருந்தது. தூளாகவும் இருந்தது. கேட்டால் தந்திருப்பார்கள். ஆனால் கேட்பதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், போனால் விரதம் பிடிக்காதே என்பார்கள். விரதம் பிடிக்காவிட்டால் மச்சாள் ஏன் என்று கேட்பா. சாப்பாட்டு ஆலோசனைக்கார அம்மாவைச் சந்திக்கவேண்டிய நாள் விரதத்தின் மூன்றாம் நாளில் வந்தது. காய்ச்சல் என்று சொல்லி அதைத் தள்ளிப்போட்டேன். தின்ற பாவத்துக்குப் பரிகாரமாக இந்தமுறை கடும் விரதம் என்று நேர்ந்துகொண்டேன். ஆறு நாளும் தண்ணீர். பின்னேரப் பூசை முடிய ஒரு மிடறு பால்.

முதல் நாளே கால் விரல்கள் விறைத்தன. மூன்றாம் நாள் படியில் இறங்கும்போது கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை, குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தேன். ஐந்தாம் நாள் ஊஸ்டர் ஸ்டேஷனில் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தால் இரண்டு மணிக்கூடு. வெளியே நவம்பர்ப் பனிப்புகார் மூடியிருந்தது, அதனால் என்று நினைத்தேன். விரதத்தில் தலை சுற்றுவது ஒவ்வொரு வருடமும் வருவதுதானே என்றும் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் சூரன்போர். கணவர் வேலைக்குப் போய்விட்டார். மகளும் மச்சாளும் என்னோடு வந்தார்கள். எங்கள் கோயில் தொழிற்சாலைகளுக்கு நடுவில், முன்பு சாமான் கிடங்காக இருந்த மண்டபம். சனம் நெரிந்து நின்றது. தவில் முழங்க, சூரனைத் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தார்கள். யானைத் தலை வைத்தார்கள், எனக்கு இரண்டு தலை. சிங்கத் தலை வைத்தார்கள், அதுவும் இரண்டு. என் கண்கள் தாமாகவே இழுத்து இழுத்து ஆடின. கால்கள் அகன்றுகொண்டு போயின. நான் ஆடினேன்.

"உரு வந்திட்டுது! அவவுக்கு உரு வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

சனம் விலகி வட்டம் கட்டியது. ஒருவர் நெற்றி நிறைய விபூதியை அப்பினார், ஒருவர் கையில் தேசிக்காயைத் திணித்தார். என்னை நம்பாத மச்சாளே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு "முருகா, முருகா" என்று அழுதா. ஒரு பெண் என் காலடியில் விழுந்து, "என்ர மகனுக்கு இங்கை இருக்க பெர்மிட் கிடைக்குமோ, சொல்லு அப்பனே" என்று கேட்டாள். நான் தண்ணி என்றேன். தண்ணீர் கடந்து நல்ல செய்தி வரும் என்று பக்கத்தில் யாரோ விளக்கம் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மகள்தான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "விடுங்கோ! இது சாமி இல்லை, அம்மாவுக்கு ஏலாமக் கிடக்கு!" என்று கத்தினாள். அவள்தான் அம்புலன்சுக்கு அடித்தாள்.

அம்புலன்சில் ஏற்றிக் கட்டிலில் கட்டியபோது கதவு திறந்தே இருந்தது. வந்தவர் மகளிடம் டொச்சில் கேட்டார்: முன்பு ஏதாவது நோய் இருந்ததா? ஒப்பரேஷன் செய்ததா? ஆறு நாளாகச் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். ஆகஸ்டில் பித்தப்பை எடுத்தது என்றும் சொன்னாள். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அம்மா, பித்தப்பை மட்டும்தானே? வேறை ஒண்டும் இல்லைத்தானே?"

"ஓம்" என்றேன்.

ஆறு நாள் பட்டினி என்றால் சீனித் தண்ணீர் ஏற்றுவார்கள். ஏற்றினார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. இப்படி இரைப்பையைச் சிறிதாக்கிச் சத்தி எடுத்த ஆளுக்கு, முதலில் ஒரு விட்டமினை ஊசியில் போட்டுவிட்டுத்தான் சீனியை விடவேண்டுமாம். சீனி முந்திப் போனால், உடம்பில் மிஞ்சிக் கிடந்த கொஞ்சத்தையும் அது எரித்து மூளையில் கை வைத்துவிடுமாம். கணவர் வேலையிடத்தில் இருந்து ஓடிவந்து உண்மையைச் சொல்ல மூன்று மணித்தியாலம் ஆனது.

அதன்பிறகு மூன்று கிழமை என்னிடம் இல்லை. மகளைப் பார்த்து ஆர் பிள்ளை நீ என்று கேட்டேனாம். நடக்கப் பழக ஏழு மாதம் பிடித்தது. இன்றைக்கும் தடி இல்லாமல் நான் இல்லை. பாதம் இரண்டும் மண் நிரப்பிய சப்பாத்துப் போட்டதுபோல இருக்கும். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க மகள் கதவில் தாள் ஒட்டியிருக்கிறாள். குசினி வேலை போய்விட்டது. எடை அறுபத்தொரு கிலோ. "நல்லா மெலிஞ்சு வடிவா இருக்கிறியள்" என்று இப்போதும் சில பேர் சொல்வார்கள்.

மகள் தாதிப் படிப்புக்குப் போனாள். போன மாதம் தூரத்தில், ஆரா நகரத்தில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஏன் என்று சண்டை பிடித்தேன்.

"நான்தானே பிழையாச் சொன்னனான், அம்மா. உங்களை இப்பிடி விட்டிட்டு எங்கை போறது?" என்றாள். பிறகு ஒவ்வொரு வருடமும் கேட்பதையே திரும்பவும் கேட்டாள். "நான் கேக்கேக்கை உங்களுக்கு அறிவு தெளிவா இருந்ததோ?"

"எனக்கு அந்த நாளே நினைவில்லை, பிள்ளை" என்றேன். ஒவ்வொரு வருடமும் அதைத்தான் சொல்கிறேன். நினைவு போய்விட்டது என்று டொக்டர்மாரின் கடிதத்திலேயே இருக்கிறது, அதனால் அவள் நம்புகிறாள். "நீங்கள் ஓமெண்டு சொன்னது மயக்கத்திலை. நான்தான் நம்பியிருக்கக் கூடாது" என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

சனிக்கிழமைகளில் அடம்பிடிக்க அடம்பிடிக்க அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். எழுத்துக் கூட்டி மெதுவாக என்றாலும் வாசிப்பாள். அதனால் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். என் கையாலேயே எழுதியது.

எனக்கு அறிவு இருந்தது, பிள்ளை. அந்தக் கிழமையில் எனக்கு வடிவாக நினைவிருப்பது அந்த ஒரு நிமிடம்தான். நீ கேட்டது விளங்கியது. சொல்லவேண்டிய சொல்லும் நாக்கில் இருந்தது. கதவடியில் மாமி நிண்டவ. அதாலைதான் ஓமெண்டன்.