தேதி போட்ட பக்கங்கள்

என் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. வீட்டுப்பாடத்தில் பெற்றோரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் நிறுத்திவிடலாம். பிழையைச் சுட்டிக்காட்டலாம், திருத்தித் தரக் கூடாது. தினமும் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். நான் அதை மூன்று முறை படித்தேன். சுட்டிக்காட்டுவது எங்கே முடிகிறது, திருத்துவது எங்கே தொடங்குகிறது என்று கணவரிடம் கேட்டேன். "எழுதிட்டாளா, கையெழுத்தப் போடு. இதுக்கு இன்னா இவ்ளோ யோசன?" என்றார். யோசிக்காமல் இருக்க எனக்கு வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் டீச்சர் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். மூங்கில்துறைப்பட்டு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. பஸ் ஓடாது என்று தெரிந்ததால் டீச்சர் முன்கூட்டியே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார். தினம் ஒரு பக்கம் பார்த்தெழுத வேண்டும், ஒரு வாய்ப்பாடு எழுத வேண்டும். அடியில் அப்பாவின் கையெழுத்து, அதற்குக் கீழே அன்றைய தேதி. "எல்லாத்தயும் கடசி நாள்ல ஒக்காந்து எழுதிக்கினு வந்தீங்கன்னா, மை நெறத்தப் பாத்தே கண்டுபுடிச்சிடுவேன்" என்று விரலை ஆட்டினார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பயந்துபோனேன்.

மறியல் தொடங்கிய அன்று ஊர் முனைப் புளியமரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். கோடரியை அவர் தொடவில்லை என்று அம்மா பிற்பாடு நூறு முறையாவது சொல்லியிருப்பாள். போலீசுக்குக் கயிறும் கோடரியும் ஒன்றுதான். மறுநாளே மரத்தைத் தாண்டி நடந்து வந்து ஆண்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பலர் கல்வராயன் மலைக்குப் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். சர்க்கரை ஆலையில் எடை மேடை எழுத்தர் வேலைக்கு நேர்காணல் முடிந்து, உத்தரவுக்காகக் காத்திருந்தார். உத்தரவு வரும்போது தான் ஊரில் இல்லாமல் போய்விடுமோ என்று, எங்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கரும்புக்குள் ஒளிந்துகொண்டார். போலீஸ் கேஸ் ஒன்று விழுந்தால் அந்த வேலை கிடைக்காது. இது எனக்கே தெரியும். வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. வேலை வேண்டும் என்று கேட்கத்தான் அவர் அந்தக் கயிற்றையும் பிடித்தார்.

யார் கேட்டாலும், அப்பா கடுக்காய் வாங்க மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அம்மா எனக்கு அதை வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, புல்லறுக்கப் போவது போலக் கூடையில் தூக்குச் சட்டியை மறைத்துச் சோறு கொண்டுபோவாள்.

அவர் ஒளிந்த முதல் நாள் சாயங்காலம் நான் கையெழுத்துக்காக அழுதேன்.

"அடியே, ஒங்கப்பன் வூட்டுக்கு வந்த பொறவு ஒட்டுக்கா வாங்கிக்கினா இன்னா?" என்றாள் அத்தை.

"டீச்சர் தெனம் தெனம் வாங்கச் சொன்னாங்க."

"ஒங்க டீச்சரு இன்னா பெரிய கலெக்டரா?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே டீச்சர் சொன்ன எதையும் அவள் தட்டமாட்டாள். "எட்த்துக்கினு போங்க அண்ணி, இல்லனா இது ராத்திரி பூரா அழும்" என்றாள். அன்று முதல் என் நோட்டும் கூடையில் போனது. கையெழுத்தோடும் தேதியோடும் திரும்பி வந்தது. கொசுக்கடியில், காய்ந்த கரும்புச் சோகை மேலெல்லாம் கீறும் இடத்தில் உட்கார்ந்து அவர் தேதியைக்கூட ஒழுங்காகப் போட்டிருந்தார். ஒரு பக்கத்தில் தூக்குச் சட்டியின் குழம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. அதற்கு டீச்சர் திட்டுவாரோ என்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"மலைக்குப் போயி நாலு நாளாவுது சார்" என்றாள் அம்மா. இளையவர் அவளைக் கூட்டிக்கொண்டு பின்னால் மாட்டுக்கொட்டகையைப் பார்க்கப் போனார். வயதானவர் வாசலில் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"பாப்பா, ஒங்கப்பா எங்க?"

"கடுக்கா வாங்க மலைக்குப் போயிருக்காரு."

தடுமாறாமல் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"எத்தினாவது படிக்கிற?"

"மூணாவது."

"ஸ்கூலு இல்லனு நல்லா ஆடிக்கினு கீறியா? வூட்டுப்பாடம்லாம் எழுதறதே கெடையாதா? எங்க வூட்லயும் ஒண்ணு கீது. ஒரு எழுத்து எழுதாது."

எனக்குச் சுருக்கென்றது. எழுதாத பிள்ளைகளோடு என்னை அதுவரை யாரும் சேர்த்ததில்லை. உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். முந்தின நாள் தேதியின் மேல் அவர் கட்டைவிரல் இருந்தது.

"பரவால்லியே! நேத்து வரிக்கும் எழுதி, கையெழுத்தும் வாங்கி வச்சிக்கிறியே" என்றார். நோட்டை மூடிக் கொடுத்து என் கன்னத்தைத் தட்டினார். "வாய்யா, போலாம்" என்று பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர்கள் போனதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

உச்சி வெயிலுக்கு முன் ஏழெட்டுப் பேர் வந்து எங்கள் கரும்பைச் சுற்றி வளைத்தார்கள். தலைமுடியெல்லாம் சோகைத் தூளாக அப்பா அவர்கள் நடுவே நடந்து போனார்.

பள்ளி திறந்ததும் நோட்டை மேசைமேல் முதலில் வைத்தது நான்தான். டீச்சர் அதைத் தொடவில்லை. "மறியல்ல யாரு எழுதியிருக்கப் போறீங்க, அடுத்த பாடத்த எடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று அத்தை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அப்பா ஜாமீனில் வந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். விட்டுப்போன மூன்று பக்கங்களிலும் கையெழுத்து வேண்டும் என்றேன். பேசிக்கொண்டே பெருமையாகச் சொன்னேன், போலீஸ்காரரே பார்த்துப் பரவாயில்லை என்று சொன்னாரென்று.

அப்பா திறந்த பேனாவை நோட்டின் மேல் வைத்தார்.

"நீயா எட்த்தாந்து காட்னியா?"

"ஆமாப்பா."

"அம்மா பாத்துச்சா?"

"இல்ல."

"செரி. இத அம்மாகிட்ட சொல்லாத. அத்தகிட்டயும் சொல்லாத." கண்ணேறு பட்டுவிடும் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். மூன்று பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டு, அவர் சிறையில் இருந்த நாட்களின் தேதியையே எழுதிக் கொடுத்தார்.

கேஸ் இருந்ததால் ஆலை வேலை போய்விட்டது. பின்னாட்களில் கரும்பு வண்டியோடு போய் அதே எடை மேடைக்கு முன்னால் வரிசையில் நிற்பார். வேறொருவர் எடை எழுதுவார். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நோட்டைப் பற்றியும் பேசியதில்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்யாணமாகி, அவர் இறந்தும் போன பிறகு, மகளின் நோட்டில் முதல் முறை தேதி போட்டபோதுதான் எனக்கு எல்லாம் தெளிந்தது. அதற்கு முன்பே தெரிந்திருந்ததோ, தெரியாதது போல இருந்துவிட்டேனோ என்றும் சில நாள் தோன்றுகிறது. அவரிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்து என் நோட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள்: "மலைக்குப் போய்ட்டீங்கன்னு நம்பிக்கினு போனானுங்களே, எப்டி வந்து புட்சானுங்க?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தாகமா இருந்துச்சி. தண்ணி குடிக்கக் கெணத்தாண்ட வந்தேன், எவனோ பாத்துட்டான்."

"ஒரு சொம்புத் தண்ணிக்கு ஆலை வேலய வுட்ட மகராசன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. சொம்பை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இந்தாப்பா, இப்பவாவது குடி" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.