தூணுக்குப் பின்னால் ஒரு கை

விழுப்புரம் கல்லூரியில் நான் நடத்தும் ஓவிய ரசனை வகுப்பு. திரையில் இயேசுவின் கடைசி இராவுணவுப் படம். மாணவி ஒருத்தி குறுக்கே வர, அவள் நிழல் இயேசுவை மறைத்தது. அப்பம் நீட்டும் கை மட்டும் மிஞ்சியது.

சிறுவயதில், திண்டிவனத்துப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயில். சேரிக்காரர்களான எங்களுக்கு ஒதுக்கிய ஓரத்தில், மெழுகுவத்திப் புகையேறிய தூணுக்குப் பின்னால் உட்காருவோம். சுவரில் வரைந்த இராவுணவில் அங்கிருந்து அந்தக் கைதான் தெரியும். கடவுள் என்றால் வெறும் கை என்றே நம்பினேன்.

“மீதி எங்கம்மா?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தாண்ட போனாத் தெரியும். நாம போவக்கூடாது. பேசாம கும்பிட்டுக்கினு இரு.”

“படத்தப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி, நீங்க எங்க உக்காந்து பாக்குறீங்கன்னு முதல்ல எழுதுங்க” என்றேன் வகுப்பில்.

மாணவி விலகினாள். முழுதாகத் தெரிந்த அந்த முகம், இன்றும் எனக்கு யாரோ ஒருவருடையதுதான்.